எதை விடலாம், எதை விடக்கூடாது

பலகையில் ஏழே காய்கள். கருப்பு ராஜா ஏ8 மூலையில் நிற்கிறது. பக்கத்தில் பி8-ல் அதன் பிஷப். முன்னால் ஏ7-லும் பி7-லும் அதன் சிப்பாய்கள். வெள்ளைக்கு சி8-ல் ராஜா, ஏ1-ல் யானை, பி6-ல் ஒரு சிப்பாய். வெள்ளை ஆட வேண்டும். கருப்பு என்ன செய்தாலும் இரண்டாவது நகர்வில் மேட் ஆக வேண்டும்.

இந்தப் புதிர் 1856-ல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வெளியானது. இயற்றியவர் பால் மார்ஃபி, நியூ ஆர்லியன்ஸ்காரர். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. இரண்டு வருடம் கழித்து ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்த பெரிய ஆட்டக்காரர்களைத் தோற்கடித்துப் புகழ்பெற்ற அதே மார்ஃபிதான்.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறேன். சனிக்கிழமை மாலையில் செஸ் வகுப்பும் என் பொறுப்பு. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் வைப்பது இந்தப் புதிரைத்தான். வைத்ததுமே அவர்கள் கை யானைக்குப் போகும். ஏ7 சிப்பாயை வெட்டி செக் வைப்பார்கள். கருப்பு பிஷப் யானையை வெட்டிவிடும். மேட் போய், கையிலிருந்த ஒரே பெரிய காயும் போய்விடும். “செக் வைக்காம எப்படி மிஸ் மேட் வரும்?” என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருந்ததில்லை.

விடை, யானையை ஏ6-க்குக் கொண்டுபோவது. செக் இல்லை. அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்ற மிரட்டலும் இல்லை. யானையை பி7 சிப்பாய் இலவசமாக வெட்டிக்கொள்ளலாம். ஆனால் வெட்டினால் வெள்ளைச் சிப்பாய் பி7-க்கு ஏறி மேட் சொல்லும். வெட்டாமல் பிஷப்பை நகர்த்தினால், அது எங்கே போனாலும் யானை ஏ7-ஐ வெட்டி மேட். வேறு ஏதாவது ஆடலாமே என்றால் ஆட எதுவும் இல்லை. ஏ7 சிப்பாய் குறுக்காக பி6-ஐ வெட்ட முடியாது, வெட்டினால் அதன் ராஜா யானைக்கு எதிரே வந்துவிடும். முன்னேறவும் முடியாது, யானையே வழியை அடைத்து நிற்கிறது. கருப்புக்கு மட்டும் “இந்தத் தடவை நான் ஆடவில்லை” என்று சொல்லும் உரிமை இருந்திருந்தால் தப்பியிருக்கும். செஸ்ஸில் அந்த உரிமை கிடையாது. ஆடியே ஆக வேண்டும் என்பதாலேயே அழியும் இந்த நிலையை செஸ்காரர்கள் சுக்ஸ்வாங் என்பார்கள்.

யானையை ஏ6-க்குப் பதில் ஏ5-ல் நிறுத்தினால் போதாதா என்று கேட்கலாம். அங்கே நிறுத்தினாலும் ஏறக்குறைய எல்லாம் சரியாகத்தான் வரும். ஒரே ஒரு பதில் மட்டும் கெடுக்கும்: ஏ7 சிப்பாய் ஒரு கட்டம் முன்னேறி ஏ6-ல் நின்றுகொள்ளும். ஏ2, ஏ3, ஏ4 எங்கே நிறுத்தினாலும் அந்தச் சிப்பாயின் முன்னேற்றம்தான் மேட்டைத் தடுக்கிறது. அந்த ஒற்றை ஓட்டையை யானை தன் உடம்பாலேயே அடைக்கிறது என்பதுதான் இந்தப் புதிரின் உயிர்.

கணக்கு டீச்சர் என்பதால் எனக்கு இதில் இன்னொன்று பிடிக்கும். மேட் புதிரின் விடை என்பது ஒரு நிரூபணம். வெள்ளைக்கு ஏதேனும் ஒரு நகர்வு இருக்கிறது; அதற்குக் கருப்பு சொல்லும் ஒவ்வொரு பதிலுக்கும் ஏதேனும் ஒரு மேட் இருக்கிறது. ‘ஏதேனும் ஒன்று’, ‘ஒவ்வொன்றுக்கும்’ என்று மாறி மாறி வரும் வாக்கியம் அது. ‘ஒவ்வொன்றுக்கும்’ என்ற இடத்தில் ஒரே ஒரு பதிலை விட்டுவிட்டாலும் நிரூபணம் நிற்காது. மார்ஃபியின் புதிரில் வெள்ளைக்கு முதலில் 16 நகர்வுகள் உண்டு. யானை ஏ6-க்குப் போனபின் கருப்புக்கு 7 பதில்கள். ஏழையும் எழுதி, ஏழுக்கும் மேட் காட்டி, மற்ற 15 நகர்வுகளும் ஏன் தோற்கின்றன என்றும் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. நோட்டில் ஒரு பக்கம் போதும்.

பலகை நிறையக் காய்கள் இருந்தால் கதை வேறு. நடுஆட்டத்தில் ஒரு பக்கத்துக்குச் சராசரியாக 30 நகர்வுகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நகர்வு மேட் என்றால் வெள்ளை, கருப்பு, வெள்ளை என மூன்று அடுக்கு: 27,000 வரிசைகள். மூன்று நகர்வு மேட் என்றால் ஐந்து அடுக்கு: 2 கோடியே 43 லட்சம். நான்கு நகர்வு என்றால் 2,187 கோடி. ஐந்து நகர்வுக்கு 19 லட்சம் கோடிக்கும் மேல். ஒவ்வொரு நகர்வு கூடும்போதும் வேலை 900 மடங்காகிறது. கணினி எவ்வளவு வேகமானாலும் இந்தப் பெருக்கல் அதைத் துரத்திப் பிடித்துவிடும். அதனால் கடினமான மேட் புதிர்களைத் தீர்க்கும் நிரல்களின் வரலாறு முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வருகிறது. எதைப் பார்க்காமல் விடலாம்? எதை விடவே கூடாது?

முதலில் இந்தக் கேள்வியைச் சந்தித்தவர் டீட்ரிக் பிரின்ஸ். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்துக்குக் குடியேறியவர், ஃபெராண்டி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட ஃபெராண்டி மார்க் 1 என்ற கணினிக்காக 1951-ல் அவர் ஒரு செஸ் நிரல் எழுதினார். முழு ஆட்டம் ஆட அந்த இயந்திரத்துக்கு வலு இல்லை. ஆகவே இரண்டு நகர்வு மேட் புதிரை மட்டும் தீர்க்க வைத்தார். ஒரு புதிருக்குச் சுமார் கால் மணி நேரம் ஆனது. கணினியில் ஓடிய செஸ் நிரல்களில் முதலாவது என்று சொல்லப்படுவது அதுதான். கணினி தொட்ட முதல் செஸ் முழு ஆட்டம் இல்லை, ஒரு மேட் புதிர்தான் என்பதை என் பிள்ளைகளிடம் பெருமையாகவே சொல்வேன்.

பிரின்ஸ் நகர்வுகளை எடைபோட முயலவில்லை. எல்லாவற்றையும் வரிசையாக ஆடிப் பார்க்கச் சொன்னார். ஆனால் நினைவகம் மிகச் சிறியது என்பதால் விதிகளில் சிலவற்றை விட வேண்டியிருந்தது. காஸ்லிங் கிடையாது, சிப்பாயின் இரண்டு கட்ட முதல் நகர்வு கிடையாது, இரண்டு கட்டம் தாவிய சிப்பாயை வழியிலேயே வெட்டும் ஆம்பஸான் கிடையாது, கடைசி வரிசையில் பதவி உயர்வு கிடையாது. மேட்டையும் ஸ்டேல்மேட்டையும் அந்த நிரல் பிரித்துப் பார்க்கவில்லை. கருப்பு ஆட முடியாமல் நின்றால் போதும், செக் இருக்கிறதா என்று அது கேட்காது. அன்றைய இயந்திரத்தில் அது நியாயமான சுருக்கம். ஆனால் அந்த ஒரு சுருக்கத்தால் அந்த நிரலுக்கு எட்டாமல் போகும் புதிர் ஒன்று நம் நாட்டிலிருந்தே நூறு வருடத்துக்கு முன் போயிருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது நம் கைப்பேசியிலேயே ஓடும் நிரல்கள் உலக சாம்பியனையும் எளிதாக வெல்லும். வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: “மிஸ், ஸ்டாக்ஃபிஷ்கிட்ட போட்டுப் பார்த்தா போதாதா? மேட் புதிருக்குன்னு தனியா எதுக்குப் புரோகிராம்?”

நல்ல கேள்வி. இரண்டு மூன்று நகர்வுப் புதிர்களுக்கு ஸ்டாக்ஃபிஷ் போதும், கண்மூடித் திறப்பதற்குள் விடை வந்துவிடும். எட்டு, பத்து, பதினைந்து நகர்வுப் புதிர்களில்தான் வித்தியாசம் தெரியும். ஆட்டத்தை வெல்வதற்காக எழுதப்பட்ட நிரல், வெல்வதற்கு உதவாது என்று தோன்றும் கிளைகளை வெட்டிப் போட்டுக்கொண்டே போகிறது. அப்படி வெட்டுவதால்தான் அத்தனை ஆழம் அதனால் போக முடிகிறது. விடைத்தாள் கட்டு பெரிதாக இருந்தால் முதல் இரண்டு வரியைப் பார்த்தே இது தேறும், இது தேறாது என்று பிரித்துவிடுவதைப் போன்ற வேலை அது. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் மேட் புதிர் இயற்றுகிறவர், முதல் இரண்டு வரியில் தேறாதது போலத் தோன்றும் விடையைத் தேடித் தேடி வைப்பவர்.

வெட்டும் உத்திகளில் ஒன்றைப் பாருங்கள். ஒரு நிலையில் கருப்பு ஆட வேண்டும். நிரல் தனக்குள், கருப்பு இந்த முறை ஆடாமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்கிறது. வெள்ளைக்கு அடுத்தடுத்து இரண்டு நகர்வு கிடைத்தும் கருப்பின் நிலை நன்றாகவே இருந்தால், இந்தக் கிளையில் வெள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று முடிவுகட்டி வெட்டிவிடுகிறது. ஆடாமல் விடுவதைவிட ஆடுவது எப்போதும் நல்லதுதான் என்பது இதன் அடிப்படை. சாதாரண ஆட்டங்களில் ஏறக்குறைய எப்போதும் உண்மை. சுக்ஸ்வாங்கில் பொய். மார்ஃபியின் புதிரில் யானை ஏ6-க்குப் போனபின் கருப்பு ஆடாமல் விட முடிந்தால் மேட்டே இல்லை என்று பார்த்தோம். ஆடியாக வேண்டும் என்பதால்தான் மேட். இதே மாதிரி ஓர் அமைதியான காத்திருப்பு நகர்வு பத்து நகர்வுப் புதிரின் நான்காவது நகர்வில் ஒளிந்திருந்தால், அந்தக் கிளையை இந்த உத்தி வெட்டிவிட வாய்ப்பு உண்டு. அதிலேயே விடை இருந்திருக்கும்.

ஸ்டாக்ஃபிஷ் ‘12-ல் மேட்’ என்று காட்டும்போது மேட் இருப்பது உண்மை. ஆனால் அதைவிடக் குறுகிய மேட் இல்லை என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. புதிருக்கு அந்த உத்தரவாதம்தான் வேண்டும். பத்தில் மேட் என்றால், ஒன்பதில் முடியாது என்றும் காட்ட வேண்டும். பத்தில் முடிக்கும் முதல் நகர்வு அது ஒன்றுதான் என்றும் காட்ட வேண்டும். இல்லாததை இல்லை என்று நிரூபிப்பது, இருப்பதைக் கண்டுபிடிப்பதைவிடப் பல மடங்கு உழைப்பு.

அதற்காகவே எழுதப்பட்ட நிரல்கள் உண்டு. ஜெர்மனியின் ஹைனர் மார்க்ஸன் எழுதிய ‘செஸ்ட்’ அவற்றில் பெயர்பெற்றது. 1980-களில் தொடங்கி, பல நாட்டுப் புதிர்ப் பிரியர்கள் சேர்ந்து வளர்த்த ‘பாப்பாய்’ இன்னொன்று, அது இலவசம். இவையும் கிளைகளை வெட்டத்தான் செய்கின்றன. ஆனால் தோன்றுகிறது என்பதற்காக வெட்டுவதில்லை, காரணம் இருந்தால்தான் வெட்டும். உதாரணத்துக்கு, கடைசி நகர்வுக்கு முந்தைய நிலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பு ராஜாவுக்குத் தப்பிக்க நான்கு கட்டங்கள் திறந்திருக்கின்றன. வெள்ளையின் எந்தக் காய் எங்கே போனாலும் ஒரே நகர்வில் செக்கும் வைத்து அந்த நான்கையும் அடைக்க முடியாது என்று கட்டங்களை எண்ணியே சொல்லிவிடலாம். பிறகு முப்பது நகர்வுகளையும் ஆடிப் பார்ப்பது வீண். இப்படி விடுவது ஊகம் இல்லை, அதுவும் நிரூபணத்தின் ஒரு வரிதான். கடைசி அடுக்கில்தான் நிலைகள் கோடிக்கணக்கில் குவிகின்றன என்பதால் அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு கணமும் பெரிது. இன்னொன்று, நகர்வுகளின் வரிசை மாறி வந்தாலும் நிலை ஒன்றேயானால் அதை மறுபடி ஆராய வேண்டியதில்லை. முன்பு பார்த்த நிலைகளை நினைவகத்தில் குறித்து வைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தால் போதும்.

ஜப்பானியர்களின் ஷோகி ஆட்டத்தில் இதற்கு வேறொரு அழகான வழி பிறந்தது. அங்கும் மேட் புதிர்கள் உண்டு, சுமே ஷோகி என்று பெயர். தாக்குகிறவர் ஒவ்வொரு நகர்விலும் செக் வைத்தே ஆக வேண்டும் என்பது அதன் விதி. ஆகவே தற்காக்கிறவருக்குப் பதில்கள் குறைவு. ‘ஒவ்வொன்றுக்கும்’ என்ற இடத்தில் சில நேரம் இரண்டே இரண்டு, சில நேரம் ஒன்றே ஒன்று. இந்த மெலிந்த கிளைகளை முதலில் தேடிப் போகும் முறையை நெதர்லாந்தின் விக்டர் ஆலிஸ் 1990-களில் வகுத்திருந்தார். மேட்டை நிரூபிக்க இன்னும் எத்தனை நிலைகளைத் தீர்த்தால் போதும் என்று ஒவ்வொரு கிளைக்கும் ஓர் எண் வைத்துக்கொண்டு, எண் சிறிதாக இருக்கும் பக்கமே நடப்பது அந்த முறை. நிலை நன்றாக இருக்கிறதா, காய் அதிகமா குறைவா என்றெல்லாம் அது பார்க்காது. நிரூபிக்க எவ்வளவு பாக்கி என்று மட்டுமே பார்க்கும். கோஜி ஹாஷிமோதோ இயற்றிய ‘மைக்ரோகாஸ்மோஸ்’ என்ற புதிரில் இரு பக்க நகர்வுகளையும் சேர்த்து எண்ணினால் 1,525 வருகிறது. 1990-களின் பிற்பகுதியில் மசாஹிரோ செயோ இந்த முறையைச் செம்மைப்படுத்தி எழுதிய நிரல் அதைத் தீர்த்தது. நம் செஸ்ஸில் அமைதியான நகர்வுகளுக்குத் தடை இல்லை, அதனால் கிளைகள் மெலிவதும் இல்லை. செஸ்ஸில் பதினைந்து நகர்வுப் புதிருக்குத் திணறும் இயந்திரம் ஷோகியில் ஆயிரத்தைத் தாண்டுவதற்குக் காரணம் அதுதான்.

எதையும் விடாத வழி ஒன்றும் இருக்கிறது. அது பின்னாலிருந்து வருவது. மேட் ஆகிவிட்ட நிலைகளையெல்லாம் முதலில் எழுதிக்கொள்வது, அவற்றுக்கு ஒரு நகர்வு முந்தையவை, அதற்கும் முந்தையவை என்று சாத்தியமான எல்லா நிலைகளும் தீரும்வரை போவது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ஸன் 1980-களில் ஐந்து காய்வரை இதைச் செய்தார். இரண்டு பிஷப்புகள் ஒற்றைக் குதிரைக்கு எதிராக நின்றால் டிரா என்று 1851-ல் கிளிங்கும் ஹார்விட்ஸும் எழுதிவைத்ததை எல்லோரும் நூறு வருடத்துக்கு மேல் நம்பியிருந்தார்கள். பொதுவாக அது வெற்றிதான், சில நிலைகளில் 66 நகர்வுகள் ஆகலாம் என்று தாம்ஸனின் பட்டியல் காட்டியது. மனிதர்கள் திறமையில்லாமல் தவறவிட்டது இல்லை அது. அத்தனை நகர்வு நீண்ட நிரூபணத்தை யாராலும் மனத்தில் தாங்கிப் பிடிக்க முடியாது.

2012-ல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் லொமொனோசொவ் சூப்பர் கம்ப்யூட்டரில் ஏழு காய்வரை இந்தப் பட்டியல் எட்டியது. அதில் கிடைத்த மிக நீண்ட மேட் 549 நகர்வுகள். ராஜாக்களையும் சேர்த்தே ஏழு என்பதால் மார்ஃபியின் புதிரும் அந்தப் பட்டியலுக்குள் ஒரு வரி. இன்று பெரும்பாலான நிரல்கள் பயன்படுத்தும் சிசிஜி பட்டியல்கள் வேறு வகை. வெற்றி, தோல்வி, டிரா எது என்று அவை சொல்லும். அடுத்த வெட்டுக்கோ சிப்பாய் நகர்வுக்கோ எத்தனை தூரம் என்றும் சொல்லும். மேட்டுக்கு எத்தனை நகர்வு என்று சொல்லாது. இடம் மிச்சமாகும் என்பதற்காக அதை விட்டார்கள். ஆட்டம் வெல்ல அது போதும், மேட் புதிருக்குப் போதாது. இந்த வேறுபாடு இங்கேயும் வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

இனி அந்த இந்தியப் புதிர். 1845-ல் லண்டனில் ஹோவர்ட் ஸ்டான்டன் நடத்திய ‘செஸ் பிளேயர்ஸ் கிரானிக்கிள்’ இதழுக்கு டெல்லியிலிருந்து ஒரு புதிர் வந்தது. அனுப்பியவரின் புனைபெயர் ஷாகிர்த். ஹென்றி அகஸ்டஸ் லவ்டே என்ற பாதிரியார்தான் அவர். நான்கு நகர்வில் மேட். அதன் விடை ஐரோப்பாவின் செஸ்காரர்களை அசைத்துவிட்டது. வெள்ளை பிஷப் தன் மூலைவிட்டத்தில் நீளப் பின்வாங்கி, கடைசி வரிசையின் சி1-ல் போய் உட்காருகிறது. ஏன் அத்தனை தூரம் என்று பார்த்தவுடன் தெரியாது. கருப்புச் சிப்பாய்க்கு நகர்வுகள் தீர்ந்துபோகின்றன. இப்போது கருப்பு ராஜாவுக்கும் நகர இடம் இல்லாமல் போனால் ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. அந்த நேரத்தில் வெள்ளை யானை டி2-ல், தன் பிஷப்பின் பாதையிலேயே வந்து நிற்கிறது. பிஷப்பின் பார்வை அடைபடுகிறது. கருப்பு ராஜாவுக்கு எஃப்4 கட்டம் திறக்கிறது, வேறு வழியில்லாமல் அங்கே போகிறது. அடுத்த நகர்வில் யானை டி4-க்கு விலகுகிறது. யானையும் செக், திறந்த பாதையில் பிஷப்பும் செக், மேட். யானை முன்னால் நிற்க இடம் வேண்டும் என்பதற்காகவே பிஷப் முதலிலேயே டி2-ஐத் தாண்டிப் பின்னால் போயிற்று.

இந்தக் கருத்துக்கு இன்றும் உலகம் முழுவதும் ‘இந்தியக் கரு’ என்றே பெயர். 1903-ல் கோட்ஸ், காக்கெல்கோர்ன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். எதிராளி தப்பிக்க ஒரு கட்டத்தைத் தானே திறந்துகொடுத்து, அந்தக் கட்டத்திலேயே அவனை முடிப்பது. ஸ்டேல்மேட்டையும் மேட்டையும் ஒன்றாக எண்ணும் பிரின்ஸின் நிரலுக்கு, எத்தனை வேகம் கொடுத்தாலும், இந்த விடைக்கான தேவையே புரிந்திருக்காது. ராஜாவை நகர முடியாமல் நிறுத்திவிட்டு, முடிந்தது என்று சொல்லியிருக்கும். இன்றைய நிரலுக்குப் புரிகிறதா என்றால், அது வேறு மாதிரி. பாப்பாய்க்கு பிஷப்பின் பின்வாங்கல் மற்ற நகர்வுகளைப் போல இன்னொரு நகர்வு. எல்லாவற்றையும் ஒரே கவனத்தோடு பார்க்கிறது, அதனால் இதையும் பார்த்துவிடுகிறது. கருவுக்குப் பெயர் வைக்க அதற்குத் தெரியாது. ஆனால் லவ்டேயின் மூல அமைப்பில் அவர் நினைக்காத மாற்று வழிகளும் இருக்கின்றன என்பதை நொடியில் சொல்லிவிடும். மனிதர்கள் அதைப் பலகையில் வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

ஒரே கவனத்தோடு பார்ப்பதன் அருமை சாம் லாய்டின் ‘எக்ஸெல்சியர்’ புதிரில் நன்றாகத் தெரியும். அமெரிக்கரான லாய்ட் ஒரு நண்பரிடம் பந்தயம் கட்டினார்: இந்த அமைப்பில் மேட் சொல்லவே வாய்ப்பில்லாத காய் எது என்று காட்டு, தோற்பவர் விருந்து வைக்க வேண்டும். நண்பர் பி2-ல் இன்னும் நகராமல் நின்ற சிப்பாயைக் காட்டினார். விடையில் அந்தச் சிப்பாயே பி4-க்குத் தாவி, இடையில் வெட்டி, ஐந்தாவது நகர்வில் ஏ8-ல் பதவி உயர்ந்து மேட் சொல்கிறது. 1861-ல் வெளியானது. நம் கண் அந்தச் சிப்பாயைக் கடைசியில்தான் பார்க்கும், லாய்ட் அதை அறிந்தே வைத்தார். இயந்திரத்துக்கு அந்த ஓரவஞ்சனை கிடையாது. ஆகவே அதை ஏமாற்ற நினைக்கும் இன்றைய புதிர்க்காரர் வேறு வழி தேட வேண்டும். நீளம்தான் மிச்சமிருக்கும் ஆயுதம்.

நீளத்தில் பெயர்பெற்றவர் ஹங்கேரியின் ஓட்டோ பிளாதி. மின்மாற்றியைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவர், மின்சார மீட்டரைச் செம்மைப்படுத்தியவர், நம் வீட்டுக்கு மின்சாரம் வருவதில் அவர் கையும் இருக்கிறது. ஓய்வு நேரத்தில் 290 நகர்வு அளவுக்கு நீளும் மேட் புதிர்களை இயற்றினார். அடுக்கடுக்காகப் பெருக்கிப் போகும் எந்த நிரலும் இவற்றை நேரடியாகக் கடக்க முடியாது. மனிதர் இவற்றைத் தீர்ப்பது திட்டத்தைக் கண்டு. ஒரு சுற்று ஆடிவந்தால் கருப்புக்கு ஒரு சிப்பாய் நகர்வு குறைகிறது, அந்தச் சுற்றைத் திரும்பத் திரும்ப ஆடினால் கடைசியில் கருப்பு முட்டுச்சந்தில் நிற்கும். சுற்றைக் கண்டவருக்கு 290 என்பது பெரிய எண் இல்லை. மனிதன் முந்திக்கொள்ளும் இடம் இன்னும் இருக்கிறது என்றால் அது இங்கேதான் என்பது என் எண்ணம்.

இன்னொரு இடமும் உண்டு. புதிர் மரபில் காஸ்லிங் செய்யலாமா என்ற கேள்விக்கு, ராஜாவோ யானையோ முன்பே நகர்ந்ததற்குச் சான்று இல்லாவிட்டால் செய்யலாம் என்பது விதி. ஆம்பஸானுக்கு நேர்மாறு: எதிராளியின் கடைசி நகர்வு அந்தச் சிப்பாயின் இரட்டை நகர்வாகத்தான் இருந்திருக்க முடியும் என்று காட்டினால்தான் வெட்டலாம். அதற்குப் பலகையின் கடந்த காலத்தை ஆராய வேண்டும். மேட் தேடும் நிரல்கள் பெரும்பாலும் முன்னோக்கியே பார்க்கின்றன.

பாப்பாயைக் கணினியில் இறக்கிக்கொள்வது எளிது. பொம்மைப் பலகையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். எந்தக் காய் எந்தக் கட்டத்தில், எத்தனை நகர்வில் மேட் என்று சில வரிகள் எழுதிக் கொடுக்க வேண்டும், பதிலும் வரிகளாகவே வரும். மார்ஃபியின் புதிரைக் கொடுத்தால் யானை ஏ6 என்று எழுதி, ஆச்சரியக்குறி போட்டு, பக்கத்தில் சுக்ஸ்வாங் என்றும் குறிக்கும். தோற்கும் முயற்சிகளையும் காட்டு என்று கேட்டால், யானை ஏ5 என்று எழுதி அதைக் கெடுக்கும் ஏ6 சிப்பாய் நகர்வையும் பக்கத்தில் காட்டும். இந்த வசதியை எல்லோரும் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விடையை மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவருக்குப் புதிரின் பாதி கிடைப்பதில்லை. மயிரிழையில் தவறும் முயற்சிகளில்தான் இயற்றியவரின் கைத்திறன் இருக்கிறது.

புதிர் இதழ்களில் இப்போது படத்துக்குக் கீழே ‘சி’ எழுத்தும் கூட்டல் குறியும் போட்டிருப்பார்கள். கணினியில் சோதித்தாயிற்று, ஒரே விடைதான் என்று அதற்கு அர்த்தம். அந்தக் குறி வருவதற்கு முன், ஒரு புதிரை அச்சில் போட்டுவிட்டு, எந்த ஊர் வாசகர் எந்த மாற்று விடையோடு கடிதம் எழுதுவாரோ என்று இயற்றியவர்கள் காத்திருந்தார்கள். மாற்று விடை வந்தால் புதிர் செத்தது. பல மாத உழைப்பு அப்படிப் போயிருக்கிறது. நிரல்கள் வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம், சின்னப் பிள்ளைகள்கூடத் தைரியமாக இயற்றத் தொடங்கலாம் என்பது.

ஸ்டாக்ஃபிஷ் போதாதா என்று கேட்ட அதே மாணவி இப்போது இயற்றுகிறாள். எட்டாம் வகுப்பு. இரண்டு நகர்வு மேட், முதல் நகர்வு குதிரை மூலைக்குப் போவது. மூலைக்குப் போகும் குதிரையை யாரும் நினைக்க மாட்டார்கள் என்பது அவள் எண்ணம், அது சரியான எண்ணம். பாப்பாய் அந்த விடையைக் கண்டது, கூடவே ராணியால் வரும் இன்னொரு விடையையும் கண்டது. ராணியைத் தடுக்க ஒரு கருப்புச் சிப்பாயைச் சேர்த்தாள். சிப்பாயின் புதிய நகர்வால் குதிரை விடையும் கெட்டது. “மிஸ், ஒண்ணைச் சரி பண்ணா இன்னொண்ணு போவுது” என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கெடுக்கும் பதில் எது என்று பாப்பாய் எழுதியிருந்த வரியை இருவரும் பலகையில் வைத்துப் பார்த்தோம். சிப்பாயைச் சேர்ப்பதற்குப் பதில் ராணியையே வேறு கட்டத்தில் வைத்தால், அந்த இரண்டாவது விடை போய்விடும் என்று அவளே கண்டுபிடித்தாள். மறுபடி ஓட்டினோம். குதிரை ஒன்றுதான் வந்தது. நோட்டில் படம் வரைந்து, கீழே அந்த ‘சி’யையும் கூட்டல் குறியையும் சிவப்பு மையில் போட்டுக்கொண்டாள். அடுத்து மூன்று நகர்வில் இந்தியக் கருவை வைத்து ஒன்று செய்ய வேண்டுமாம். பிஷப்பை எந்த மூலைவிட்டத்தில் வைப்பது என்பதில்தான் இப்போது எங்களுக்குள் வாக்குவாதம்.